பேசிவிட்டுப் போகிறவள்

இங்கிலீஷில் தோற்றுப் பள்ளிக்கூடத்தை விட்ட வருடம்தான் லோகநாயகி பிரெஞ்சு பேச ஆரம்பித்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் அவள் ஊர். அப்பா இறந்த பிறகு சோழி மாலையும் சங்கும் தட்டில் அடுக்கிக்கொண்டு கடற்கரைக் கோயில் பக்கம் விற்கப் போனாள். பாண்டிச்சேரியிலிருந்து வரும் பிரெஞ்சுக்காரர்கள் மணலில் துண்டு விரித்துப் படுத்திருப்பார்கள். லோகநாயகி அவர்களுடைய குழந்தைகளின் பக்கத்தில் போய் உட்காருவாள். ஒரு சோழியை எடுத்துக் காட்டிப் புருவத்தைத் தூக்குவாள். குழந்தைகள் பெயர் சொல்லும். தப்பாகத் திருப்பிச் சொன்னால் சிரிக்கும், சலிக்காமல் மறுபடி சொல்லிக்கொடுக்கும்.

ஒரு பாஷையைப் பிடிக்க வேண்டுமென்றால் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடும் இடத்தில் போய் உட்கார வேண்டும் என்பாள். கடைக்காரனிடம் எல்லாரும் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார்கள். சண்டையில்தான் பாஷை அதன் சொந்த வேகத்தில் வரும். அப்படித்தான் இத்தாலியன் வந்தது. பிறகு ஜெர்மன். இங்கிலீஷ் யாரும் கூப்பிடாமலே நடுவில் வந்து சேர்ந்துகொண்டது. கல்யாணமாகி, சென்னையில் ஒரு டிராவல்ஸ் கம்பெனி அவளைச் சுற்றுலாக் கூட்டங்களோடு அனுப்ப ஆரம்பித்த பிறகு ரஷ்யன். எந்த மாதத்துக்கு எந்த வலை என்று அவள் புருஷன் சடையப்பன் பார்ப்பதுபோல, அவள் பஸ் நிறுத்துமிடத்தில் நின்று எந்த நாட்டுக்காரர்கள் கூடுதலாக இறங்குகிறார்கள் என்று பார்ப்பாள். அடுத்த பாஷை அதுதான். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் கொரியாக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வர ஆரம்பித்ததும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கொரியன் படிக்க உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒரு தங்கை உண்டு. கன்னியம்மா. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் தூரத்தில் இருக்கிறது என்று யாரோ சொன்னதோடு சரி, யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அம்மா வேண்டாவோடு சேர்ந்து கருவாடு போடுவதும், அதைக் கூடையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பஸ் ஏறிப் போய் விற்பதுமாக வளர்ந்தாள்.

அம்மாவும் கன்னியம்மாவும் நாள் முழுக்கக் கையால் பேசிக்கொண்டிருப்பார்கள். யாரிடமும் கற்றதல்ல, கன்னியம்மா குழந்தையாக இருந்தபோதே இருவருமாக உண்டாக்கிக்கொண்டது. வாளைக்கு ஒன்று, நெத்திலிக்கு ஒன்று, பேரம் பேசிக் கழுத்தறுக்கும் வியாபாரிக்கு ஒன்று, மழை வருமா வராதா என்பதற்கு ஒன்று. லோகநாயகிக்கு அதில் தெரிந்தது வா, போ, சாப்பிடு, தூங்கு. அவ்வளவுதான். மாமல்லபுரம் ஊருக்குள் வீடு கட்டிக்கொண்டு போன பிறகு குப்பத்துக்கு வருவதே வாரத்துக்கு ஒரு தடவை. வந்தாலும் கையில் போன் இருக்கும்.

ஒருநாள் அப்படி வந்தபோது, ஒரு ஜெர்மன்காரரின் தொப்பி காற்றில் பறந்து அலையில் போனதையும், அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியதையும் அம்மாவிடம் சொன்னாள். வெயிலில் நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த வேண்டா கையை உதறிவிட்டு அதை அப்படியே கன்னியம்மாவுக்குச் சொன்னாள். கன்னியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நான் சொன்னதுக்கு நீ இப்டி சிரிக்கலையே. அவகிட்ட இன்னாம்மா சொன்ன?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன். கொஞ்சம் சேத்துகினேன்." வேண்டாவும் சிரித்தாள். பிறகு, "ஏண்டி, ஊர்ல கீற பாஷைலாம் கத்துகினு வர. இத்தயும் கத்துக்கோயேன். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவகிட்ட யாரு பேசுவா?"

"அது இன்னாம்மா பாஷையா? சைகதான. பாத்துக்கலாம்."

வேண்டா மறுபடி நெத்திலியைத் திருப்பக் குனிந்தாள். இந்த முறை கன்னியம்மாவுக்கு அவள் எதையும் எடுத்துச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் மாசியில், கருவாடு காயப்போட்ட இடத்திலேயே வேண்டா மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சடையப்பன் ஒருநாள் கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். மூக்கில் குழாயோடு படுத்திருந்த வேண்டா, மகளைப் பார்த்ததும் ஊசி குத்தாத கையால் ஏதோ சொன்னாள். கன்னியம்மா பதில் சொன்னாள். பக்கத்தில் நின்ற லோகநாயகி, மாத்திரை வாங்க வேண்டும் என்று கீழே இறங்கிப் போனாள்.

அந்த வார முடிவில் வேண்டா போய்விட்டாள்.

அப்போது லோகநாயகி செய்த காரியம்தான் பிறகு அவளை விடாமல் அரித்தது. ஆஸ்பத்திரியிலிருந்தே சடையப்பனுக்குப் போன் போட்டாள். உடம்பு வீட்டுக்கு வருவதற்குள் கன்னியம்மாவைச் செய்யூரில் இருக்கிற நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னாள்.

"பெத்த தாய் மொகத்தப் பாக்க வேணாமா அவ?" என்றான் சடையப்பன்.

"பாத்தா அவ தாங்க மாட்டாயா. காரியம்லாம் முடியட்டும். நானே பக்குவமா சொல்றேன்."

"நான் வேணும்னா சொல்லிப் பாக்கறேனே."

"வேணாம். எங்கம்மா விசயம், நான் சொல்லிக்கிறேன்."

எல்லாரிடமும் அதையே சொன்னாள்: அவ தாங்க மாட்டா. உண்மை அதுவல்ல. அப்பா செத்த அன்று கன்னியம்மா அழுத குரல் லோகநாயகிக்கு மறக்கவில்லை. தன் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாத ஒருத்தி அடிவயிற்றிலிருந்து எழுப்பிய சத்தம் அது; தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அம்மா சாவுக்கு டிராவல்ஸ் முதலாளி வருவார், ஓட்டல் மேனேஜர்கள் வருவார்கள், பாண்டிச்சேரியிலிருந்து பழகிய பிரெஞ்சுக்கார அம்மாள் வருவாள். அவர்களுக்கு முன்னால் அந்தச் சத்தம் கேட்க வேண்டாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு ஒரு நொடிதான் வந்து போனது. ஆனால் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

எல்லாரும் வந்தார்கள். மாலை போட்டார்கள். குப்பத்துக்குப் பின்னால் சவுக்குத் தோப்பை ஒட்டிய இடத்தில் வேண்டாவை அடக்கம் செய்தார்கள். கருமாதியும் முடிந்தது. லோகநாயகி போய்த் தங்கையைக் கூட்டிவந்தாள். குப்பத்து வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. நேராகத் தன் வீட்டுக்கு. அம்மாவின் படத்துக்கு மாலை போட்டு மாட்டியிருந்ததைக் கழற்றி பீரோவுக்குள் வைத்திருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கன்னியம்மா சுற்றிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலால் மூக்கின் ஓரத்தைத் தொட்டு, கைகளை விரித்தாள். வேண்டா போட்டிருந்த மூக்குத்திதான் அது. அம்மா எங்கே?

இதற்கென்று லோகநாயகி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். தெரிந்த நாலு சைகையில் எதை வைத்துச் சாவைச் சொல்வது? இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தாள். தூங்கிவிட்டாள்.

கன்னியம்மாவின் முகம் தெளிந்தது. மூக்கைத் தொட்டாள், தூங்குவதுபோல் காட்டினாள், பிறகு மூன்றாவதாக ஒன்று செய்தாள். மூடிய கை மெல்லத் திறந்து மேலே வந்து, தன் பக்கமாகத் திரும்பியது. லோகநாயகிக்கு அது புரியவில்லை. சுற்றுலாக்காரர் சொல்வது புரியாவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிடுவது அவள் தொழிலில் பழகிய வழக்கம். தலையாட்டினாள்.

எழுந்து வந்துவிடுவாளா என்று தங்கை கேட்டிருக்கிறாள். ஆமாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

"சொல்லிட்டியா?" என்று சாயந்திரம் கடலிலிருந்து வந்த சடையப்பன் கேட்டான்.

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. புரிஞ்சிகினா."

சடையப்பன் சந்தேகமாகத்தான் பார்த்தான். ஆனால் கன்னியம்மா அமைதியாகச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டதால் விட்டுவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோகநாயகிக்கு முதல் கொரியாக் கூட்டம். அர்ஜுனன் தபசுக்கு முன்னால் நின்று, கல்லில் இருக்கிற யானையையும் குட்டிகளையும் கொரியனிலேயே சொல்லிக் காட்டினாள். ஒரு கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்ததைக் கூட்டம் பஸ் ஏறிய பிறகுதான் எடுத்துப் பார்த்தாள்.

"லோகநாயகிங்களா? செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன், நர்ஸ் பிரிசில்லா. இங்க ஒருத்தங்க சாப்பாட்டுக் கூடையோட வார்டு வார்டா தேடிக்கிட்டிருக்காங்க. பேச்சு வரல. கூடையில உங்க கார்டு இருந்துச்சு."

அது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து லோகநாயகி வீட்டு மூலையில் கிடந்த அம்மாவின் ஒயர் கூடை. மகளின் விசிட்டிங் கார்டை அதில் வைத்துக்கொண்டு சந்தையில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள் வேண்டா.

லோகநாயகி போய்ச் சேர்ந்தபோது கன்னியம்மா வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குச்சட்டி. உள்ளே சோறும் வாளைக் கருவாட்டுக் குழம்பும். அம்மா படுத்திருந்த கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்து மூக்கைத் தொட்டுக் காட்டினாள். அந்தக் கட்டிலைக் காட்டினாள். கைகளை விரித்தாள்.

"அம்மாவைத்தான் கேக்கறாங்கன்னு புரியுதுங்க," என்றாள் பிரிசில்லா. "அவங்க இறந்துட்டாங்கன்னு நான் ரெஜிஸ்டர் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க அக்காதானே? நீங்க சொல்லிடுங்க."

லோகநாயகி கையைத் தூக்கி, பாதியிலேயே இறக்கினாள்.

"உங்களுக்கு அவங்க பாஷ தெரியும்ல?" பிரிசில்லா கார்டை அவளிடம் நீட்டினாள். அதில் ஐந்து பாஷைகளின் பெயர் அச்சடித்திருந்தது. குத்திக்காட்ட வேண்டும் என்று அந்தப் பெண் நினைக்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"தெரியாதுங்க," என்றாள் லோகநாயகி. அவளுக்கே கேட்காத மாதிரி ஒரு குரலில்.

ஆட்டோ பிடித்து நேராகக் குப்பத்துக்கு வந்தாள். சவுக்குத் தோப்பைத் தாண்டி, மண் இன்னும் இறுகாத அந்த மேட்டுக்கு முன்னால் தங்கையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். மாலைகள் சருகாகிக் கிடந்தன. உடைந்த கலயத்தின் ஓடுகள். கன்னியம்மா எத்தனையோ சாவைப் பார்த்தவள். அது என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லோகநாயகி விரலால் தன் மூக்கின் ஓரத்தைத் தொட்டாள்.

கன்னியம்மா அழுவாள், அந்தச் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தூக்குச்சட்டியை மெல்ல மண்ணில் வைத்தாள். காய்ந்த மாலைகளைத் தொட்டுப் பார்த்தாள். எத்தனை நாள் மாலை என்று பார்ப்பதுபோல் ஒரு பூவை நசுக்கினாள், அது பொடியாயிற்று. பிறகு எழுந்து அக்காவுக்கு நேராக நின்று பேச ஆரம்பித்தாள். கைகள் அவ்வளவு வேகமாகப் போயின. மார்பைத் தொட்டாள், செய்யூர்த் திசையைக் காட்டினாள், கண்ணைக் காட்டினாள், மூக்கைத் தொட்டாள். நடுநடுவே விரல்களைக் குவித்து உதட்டருகே வைத்துத் திறந்து மூடி, அந்தக் கையைத் தூரமாக வீசினாள். மறுபடியும் அதே. உதட்டில் கை, வீச்சு. லோகநாயகி பார்த்துக்கொண்டே நின்றாள். உலகத்தில் இருக்கிற எந்தச் சண்டையையும் உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொள்கிறவள், தன்னோடு போடுகிற இந்தச் சண்டையில் ஒரு வார்த்தை புரியாமல் நின்றாள்.

அன்று சாயந்திரம் சடையப்பனிடம் அந்தச் சைகையைச் செய்து காட்டினாள். "இதுக்கு இன்னாயா அர்த்தம்?"

வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "அது நீதான்."

"நானா?"

"ஒன் பேரு அது. எல்லாருக்கும் ஒரு பேரு வச்சிகிறாங்க அவங்க. எனக்கு இது." தூண்டில் முள் கிழித்த தன் காது மடலைச் சுண்டிக் காட்டினான்.

உதட்டில் கை, பிறகு தூரமாக வீச்சு. பேசிவிட்டுப் போகிறவள். அம்மாவும் தங்கையும் இத்தனை வருடம் தன்னை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் எதிரிலேயே கூப்பிட்டிருக்கிறார்கள்.

"நீ எப்பயா கத்துகின இதெல்லாம்?"

"நான் எங்க கத்துகினேன்? மீனு கொண்டாந்து போட்டு, கூட ஒக்காந்து பிரிச்சிகினு இருந்தா தானா வந்துரும். எனக்கும் பாதிக்கு மேல தெரியாது. ஒங்கம்மாவுக்குத்தான் முழுசும் தெரியும்." சற்று நிறுத்திவிட்டு, "நீ அவகிட்ட ஒண்ணுமே சொல்லலையா லோகா?" என்று கேட்டான்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் சமாதானம் சொல்லவில்லை. சொல்லாதது அவளுக்குச் சரியாகத்தான் பட்டது.

கன்னியம்மா அக்கா வீட்டில் தங்கவில்லை. குப்பத்து வீட்டைத் திறந்து கூட்டி, அம்மா விட்ட இடத்திலிருந்து கருவாட்டு வேலையை எடுத்துக்கொண்டாள். லோகநாயகி தினமும் போனாள். ஆனால் அவள் கையைத் தூக்கியதுமே கன்னியம்மா கண்ணை மூடிக்கொள்வாள். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வதுபோல. அதற்குமேல் என்ன கத்தினாலும் எட்டாது. மூடிய கண்ணுக்கு முன்னால் கையைத் தூக்கியபடி நிற்பதைவிடப் பெரிய தண்டனை லோகநாயகிக்கு வாய்த்ததில்லை.

புதிதாக எந்தப் பாஷை படித்தாலும் வணக்கத்துக்கு அடுத்தபடி அவள் கற்பது மன்னிப்புக் கேட்கிற சொல்லைத்தான். தொழிலுக்கு வேண்டும். இந்தப் பாஷையில் அந்தச் சொல் என்ன? சடையப்பனுக்குத் தெரியவில்லை. குப்பத்தில் கேட்டாள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி மண்ணுக்குள் இருந்தாள். இன்னொருத்தியிடம் போய், உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை சொல்லிக்கொடு என்று எப்படிக் கேட்பது?

கொரியன் படிப்பை நிறுத்தினாள். காலை நேரக் கூட்டங்களை வேறு கைடுகளுக்கு விட்டுக்கொடுத்தாள். விடிந்ததும் போய், கன்னியம்மாவிடமிருந்து நாலு அடி தள்ளி உட்கார்ந்து நெத்திலி பிரித்தாள். பேச முயலவில்லை. சடையப்பனோ பக்கத்து வீட்டு வச்சலாவோ வந்து கன்னியம்மாவோடு ஒன்றிரண்டு சைகை பேசும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள். பழைய வித்தை அது ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் வலையில் நிறைய வாளை வந்தது. எதைத் தனியாக எடுக்க வேண்டும் என்று வச்சலா கையால் கேட்டபோது லோகநாயகி தன்னையறியாமல் வாளைக்கான சைகையைச் செய்துவிட்டாள். விரல்களை ஏதோ தவறாக வைத்திருக்க வேண்டும். கன்னியம்மா அதைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்து, சுண்டுவிரலை வெடுக்கென்று உள்ளே மடக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கையில் மீன் செதிலும் உப்பும் ஒட்டியிருந்தது. அன்பில்லை அதில். விரல் வலித்தது. லோகநாயகி அன்று முழுக்க அந்த விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கண்ணை மூடுவது குறைந்தது. திருத்தல்கள் வந்தன, சுருக்கமாக, எரிச்சலாக. இப்போது இரண்டு வருடமாகிறது. லோகநாயகிக்குக் கொஞ்சம் பேச வருகிறது. கன்னியம்மா வச்சலாவிடம் பேசும் வேகத்தில் அக்காவிடம் பேசுவதில்லை. கைகளை மெதுவாக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து, முகத்தில் ஒரு மரியாதையான சிரிப்பை வைத்துக்கொண்டு பேசுகிறாள். அந்தச் சிரிப்பு லோகநாயகிக்கு நன்றாகத் தெரியும். பணம் கொடுத்து வருகிற வெளியூர்க்காரர்களுக்கு அவள் கொடுக்கிற சிரிப்பு அது.

அவள் பெயரும் மாறவில்லை. கூப்பிட வேண்டுமென்றால் இன்னமும் உதட்டில் கை, பிறகு வீச்சுதான். மாற்றச் சொல்லிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அம்மா தங்கைக்குச் சொல்லிச் சிரிக்க வைத்த கதைகள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகச் சொன்னது, எதையும் அவள் இதுவரை கேட்கவில்லை. கேட்டாலும் புரிகிற அளவுக்குத் தனக்குப் பாஷை வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். சுற்றுலாக்காரர்கள் எத்தனை பாஷை தெரியும் என்று கேட்டால் முன்பெல்லாம் விரல் விட்டு எண்ணிக் காட்டுவாள். இப்போது பேச்சை மாற்றிவிடுகிறாள்.

போன மாதம் கன்னியம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் வீங்கிவிட்டது. லோகநாயகிதான் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"எத்தனை நாளா வலிக்குது? சூடா சாப்பிட்டா வலிக்குதா, சில்லுன்னு சாப்பிட்டாலா?" என்று டாக்டர் கேட்டார்.

லோகநாயகி தங்கையின் பக்கம் திரும்பிக் கேட்டாள். கன்னியம்மா, ஒரு கையால் கன்னத்தைப் பிடித்தபடி, மற்றொரு கையால் நீளமாகப் பதில் சொன்னாள். சூடு என்பது புரிந்தது. ராத்திரி என்பது புரிந்தது. நடுவில் ஒன்று புரியவில்லை. பழைய பல்லைப் பற்றியோ, வேறு எதைப் பற்றியோ.

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். வெளியே இன்னும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா சொல்றாங்கம்மா?"

"பாதிதான் புரிஞ்சுது சார். கொஞ்சம் இருங்க. திரும்பக் கேக்கறேன்," என்றாள் லோகநாயகி. தங்கையைப் பார்த்து, புரியவில்லை என்று கையை அசைத்தாள்.

கன்னியம்மா பெருமூச்சு விட்டாள். கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.